மரஞ்செதுக்கும் மெசின் நடுவழியில் நின்றால் என்ன செய்வது?

கொழுந்து எடுப்பதையும் பால் வெட்டுவதையும் விட்டால் வேறு தொழில் கிடையாதா என்று நமது தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். யட்டியாந்தோட்டைப் பகுதியில் இறப்பரும் உண்டு, தேயிலையும் உண்டு, பலாவும் மகோகனியும் உண்டு. மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், கணினி சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் சிறிய சி.என்.சி. மெசின் ஒன்றை வாங்கி, வீட்டுப் பெயர்ப்பலகை, சாமி படச் சட்டம், கதவுப் பூ வேலை என்று செய்து விற்கலாம் என்பது பலருக்கு வரும் யோசனை. நல்ல யோசனைதான்.

நாலு இளைஞர்கள் கடன் எடுத்துக் கூட்டாக ஒரு மெசின் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் நன்றாக ஓடும். ஒருநாள் பாதி வேலையில் "கிர்ர்" என்று ஒரு சத்தம், மெசின் நின்றுவிடும். நல்ல பலகை ஒன்று வீண். ஓடர் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார். "மெசின் செத்துப் போச்சு, இனி காசு கட்டுறது எப்படி?" என்று வீட்டில் சண்டை. பல நேரம் மெசினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அச்சு சிக்கி நின்றிருக்கும், அவ்வளவுதான். காரணத்தை ஒழுங்காகத் தேடினால் அநேகமாகக் காசில்லாமலே சரிசெய்யலாம்.

அச்சு என்றால் என்ன?

இந்த மெசின் மூன்று திசையில் நகரும். இடம் வலமாகப் போவது எக்ஸ் அச்சு. முன்னும் பின்னும் போவது வை அச்சு. மேலும் கீழும் இறங்கி ஏறுவது இசட் அச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். கணினி "இவ்வளவு தூரம் போ" என்று கட்டளை கொடுக்கும்போது மோட்டாரால் திரும்ப முடியாமல் போனால், அதுதான் அச்சு சிக்குவது.

தேயிலை பெக்டரியில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். ரோலரில் கொழுந்தை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் மோட்டார் முக்கும், பிறகு ட்ரிப் ஆகும். அனுபவமுள்ளவர் உடனே சுவிட்சைத் திரும்பப் போட மாட்டார். சுமை கூடிவிட்டதா, பெயாரிங் பிடிக்கிறதா, கரண்ட் குறைவா என்று பார்ப்பார். இங்கேயும் அந்தப் புத்திதான் வேண்டும்.

சிறிய மெசின்களில் அநேகமாக ஸ்டெப்பர் மோட்டார் இருக்கும். அது ஒரு சுற்றை 200 அடிகளாக எடுத்து வைக்கும். 3018 என்று விற்கப்படும் மெசின் பலவற்றில் ஒரு சுற்றுக்கு அச்சு 4 மில்லிமீற்றர் நகரும். அப்படியானால் 50 அடி தவறினால் செதுக்கல் 1 மில்லிமீற்றர் விலகிவிடும். இந்த வகை மெசினுக்குத் தான் தவறியது தெரியாது. நிற்காமல் தப்பான இடத்தில் வெட்டிக்கொண்டே போகும். எழுத்து படிக்கட்டு மாதிரி விலகியிருந்தால் காரணம் இதுதான்.

வேறு சில மெசின்களில் மோட்டார் எவ்வளவு திரும்பியது என்று எண்ணிப் பார்க்கும் கருவி இருக்கும். அமெரிக்காவின் கார்வ்ரைட் அந்த வகை. அச்சு சிக்கினால் அதுவே வேலையை நிறுத்தி, எந்த அச்சு என்றும் எழுதிக் காட்டும். அதில் பலகையே பட்டியின் மேல் நகர்வதால், பலகை வளைந்திருந்தாலும் தடிப்பு சமமில்லாவிட்டாலும் எக்ஸ் அச்சு சிக்கும்.

2009இல் தொடங்கிய ஜி.ஆர்.பி.எல். என்ற மென்பொருள்தான் பல சிறு மெசின்களை ஓட்டுகிறது. அதில் அலாரம் 1 என்று வந்தால் அச்சு எல்லைச் சுவிட்சில் முட்டிவிட்டது. அலாரம் 2 என்றால் நீங்கள் கேட்ட இடம் மெசினின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அலாரம் 9 என்றால் தொடக்க இடத்தைத் தேடிப் போய் சுவிட்சைக் காணவில்லை. முதல் இரண்டும் வந்தவுடன் மோட்டார் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது

மெசினை நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். சுழலும் பிட் முழுதாக நிற்கும் வரை கையை உள்ளே விடாதீர்கள். கரண்ட் இருக்கும்போது மோட்டார் வயரை ஒருபோதும் கழற்றக்கூடாது. கழற்றினால் அதை ஓட்டும் டிரைவர் எரிந்துபோகலாம். சிறிய பழுது பெரிய செலவாவது அப்படித்தான்.

படிப்படியாகத் தேடுவோம்

1. கையால் நகர்த்திப் பாருங்கள். கரண்ட் இல்லாத நிலையில் ஒவ்வொரு அச்சின் திருகுக் கம்பியையும் மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் மோட்டாரே கரண்ட் உண்டாக்கி டிரைவருக்குச் சேதம் செய்யும். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் அங்கே தூள் அடைத்திருக்கும், அல்லது கம்பி வளைந்திருக்கும். முழுத் தூரமும் இறுக்கமாக இருந்தால் எண்ணெய் வற்றியிருக்கும், அல்லது ஆணிகளை அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள்.

2. காற்றில் ஓட விடுங்கள். பலகையையும் பிட்டையும் எடுத்துவிட்டு அதே வேலையை ஓட்டுங்கள். காற்றில் ஒழுங்காக ஓடி, மரத்தில் மட்டும் சிக்கினால் வெட்டும் சுமைதான் காரணம். காற்றிலும் சிக்கினால் பழுது மெசினிலோ வயரிலோ கரண்டிலோ இருக்கிறது. பாதிக் குழப்பம் இந்த ஒரு சோதனையில் தீர்ந்துவிடும்.

3. சுமையைக் குறையுங்கள். "சீக்கிரமா முடிக்கணும்" என்று ஒரேயடியாக ஆழமாக வெட்டுவதுதான் வழக்கமான தவறு. 3 மில்லிமீற்றர் பிட் போட்டால் சிறிய மெசினில் ஒரு தடவைக்கு அரை முதல் 1 மில்லிமீற்றர் ஆழம் போதும். 6 மில்லிமீற்றர் ஆழம் வேண்டுமானால் ஆறு சுற்றாக வெட்டுங்கள். நேரம் கூடும், பலகை தப்பும். வேகத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். மரம் கருகினாலோ கீச்சென்று கத்தினாலோ பிட் மழுங்கியிருக்கலாம். மழுங்கிய கத்தியால் கவ்வாத்து வெட்டினால் கை வலிப்பது போலத்தான் மெசினுக்கும்.

4. கப்ளிங்கைப் பாருங்கள். மோட்டார் தண்டும் திருகுக் கம்பியும் சேரும் இடத்தில் பேனாவால் நேராக ஒரு கோடு போடுங்கள். சிறிது நேரம் ஓட்டிய பிறகு கோடு இரண்டாக விலகியிருந்தால் மோட்டார் சுற்றுகிறது, கம்பி சுற்றவில்லை என்று அர்த்தம். அங்குள்ள சிறு ஆணியை இறுக்கினால் சரியாகும். பெல்ட் உள்ள மெசினில் பல் தேய்ந்திருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

5. இசட் அச்சை விசேஷமாகக் கவனியுங்கள். பிட்டைச் சுழற்றும் மோட்டாரின் பாரம் முழுவதையும் அதுதான் தூக்குகிறது. கீழே இறங்கும்போது சரியாக இருந்து, மேலே ஏறும்போது சிக்கினால் எண்ணெயும் தூசியும்தான் முதல் சந்தேகம். தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள் போகப் போகப் பிசினாகிவிடும். ஊற்ற ஊற்ற நல்லது என்றும் நினைக்காதீர்கள். மரத்தூள் எண்ணெயோடு சேர்ந்து களியாகும்.

6. வயரும் கரண்டும். ஒரே இடத்தில் சிக்காமல் கண்ட கண்ட இடத்தில் சிக்கினால் தளர்ந்த வயர், சூடு, கரண்ட் குறைவு ஆகியவற்றைத் தேடுங்கள். டிரைவர் சூடேறினால் தானே நின்று, ஆறியதும் திரும்ப ஓடும். அதைக் குளிரவைக்கும் காற்றாடியில் தூள் அடைத்திருக்கிறதா பாருங்கள். எது பழுது என்று தெரியாவிட்டால், பிளக்கைக் கழற்றிவிட்டு எக்ஸ் மோட்டாரின் வயரை வை இடத்தில் செருகி, கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டுங்கள். இப்போது நன்றாக ஓடினால் எக்ஸ் டிரைவர்தான் பழுது. அப்போதும் ஓடாவிட்டால் மோட்டாரோ வயரோ பழுது.

இன்னொரு விஷயம். சில மின்வழங்கிப் பெட்டிகளில் 110, 220 என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். நம் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட். ஆகவே அது 220இல் இருக்கிறதா என்று முதன்முதல் பிளக் போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

மழையும் மரமும்

நமது பகுதியில் மழைக்குக் குறைவில்லை. ஈர மரத்தை வெட்டும்போது நார் பிட்டில் சுற்றிக்கொள்ளும், தூள் வெளியே வராமல் பள்ளத்திலேயே அடைக்கும், அச்சு சிக்கும். இறப்பர் மரத்தை அறுத்தவுடன் மருந்து ஏற்றிக் காயவைக்காவிட்டால் பூஞ்சணமும் வண்டும் பிடிக்கும். பலகை காய்ந்ததா என்று அறிய எளிய வழி உண்டு. கொழுந்து நிறுப்பது போல வாரம் ஒருமுறை அதை நிறுத்து எழுதி வையுங்கள். நிறை குறைந்துகொண்டே போனால் இன்னும் ஈரம் போகிறது. நிறை ஒரே அளவில் நின்ற பிறகு வேலைக்கு எடுங்கள்.

வீட்டுக்குள் வைக்கலாமா?

பிள்ளைகள் படுக்கும் லயன் காம்பராவில் இந்த மெசினை வைக்க வேண்டாம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் வகைப்படுத்தியது. முகக்கவசம், கண்ணாடி, காற்றோட்டமான தனி இடம் மூன்றும் அவசியம். மரத்தூளுக்குத் தீயும் சீக்கிரம் பிடிக்கும். மெசின் ஓடும்போது ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். சிக்கிய பிட் ஒரே இடத்தில் நின்று சுழன்றால் மரம் புகைய ஆரம்பிக்கும். லயத்துப் பழைய வயரிங்கில் ஒட்டு வயர் போட்டு மெசினை ஓட்டாதீர்கள். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று தெரிந்த மின்தொழிலாளி ஒருவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு கொப்பி வையுங்கள்

மெசின் பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கட்டும். திகதி, என்ன மரம், எந்த பிட், எவ்வளவு ஆழம், எந்த வேகம், எந்த அச்சு எந்த இடத்தில் சிக்கியது, என்ன செய்ததும் சரியானது என்று நாலு வரி எழுதுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மாற்றம் செய்யாதீர்கள். செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், எழுதுங்கள். கூட்டாக வாங்கிய மெசினில் "நீதான் கெடுத்தே" என்ற சண்டையையும் இந்தக் கொப்பி தீர்த்துவைக்கும்.

கண்டிக்குப் பக்கத்தில் எம்பக்கே தேவாலயத்தின் மரத்தூண்களைச் செதுக்கியவர்களிடம் உளியும் பொறுமையும்தான் இருந்தன. தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் கைவேலைக்குக் கிடைத்த மதிப்பு. மெசின் முரட்டு வேலையைக் குறைக்கும், ஆனால் கடைசி மெருகு கையால்தான். ஆகவே மெசின் வாங்க நினைக்கும் பிள்ளைகள் கொஞ்சம் தச்சு வேலையும் மின்சார வேலையும் முதலில் படித்துக்கொள்ளட்டும். தேசிய தொழிற் பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, தொழிற்பயிற்சி அதிகார சபை போன்றவற்றின் பயிற்சிகளைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கடன் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.