ராத்திரி வண்டி எங்கே நிற்கிறது?

நகரத்துக்குள் ஒரு நகர்வு – 14

அண்ணா சாலையில் காலை ஒன்பதரை மணிக்கு நந்தனம் சிக்னலைக் கடக்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே வண்டி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். ஒரு பக்கம் வெங்கட்நாராயணா சாலையிலிருந்து தி.நகர் கூட்டம். இன்னொரு பக்கம் சேமியர்ஸ் சாலையிலிருந்து ஆழ்வார்ப்பேட்டை, மயிலாப்பூர் கூட்டம். 2024 ஜனவரியில் தேனாம்பேட்டை–சைதாப்பேட்டை மேம்பாலத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து காத்திருப்பது இன்னும் நீண்டது. நிற்கிற வண்டிகளுக்கு நடுவே பச்சை நம்பர் பிளேட் போட்ட எலெக்ட்ரிக் வண்டிகள் இப்போது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன.

சென்ற வாரம், மெட்ரோவில் இறங்கிய பிறகு வீடு வரைக்கும் மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு கிலோமீட்டரைப் பற்றிப் பேசினோம். அதன் தொடர்ச்சிதான் இது: எலெக்ட்ரிக் வண்டி வாங்கலாமா?

இந்தச் சிக்னலிலேயே பாதி பதில் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் நின்ற இடத்திலும் குடிக்கும். பச்சை விழுந்து, நாலு அடி நகர்ந்து, மறுபடி பிரேக் பிடிக்கிற ஓட்டத்தில்தான் அதன் மைலேஜ் படுமோசமாக இறங்கும். மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. நின்றால் அது மின்சாரம் இழுக்காது. ஆக்சிலரேட்டரைத் திருகிய கணமே முழு இழுவையும் கிடைக்கும். கையைத் தளர்த்தினால் பல வண்டிகளில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். ஜிஎஸ்டி சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்றைக் கிழிக்கவே பெரும்பகுதி சார்ஜ் செலவாகும். நந்தனம், அடையாறு, மயிலாப்பூர் என்று முப்பது, நாற்பதில் சுற்றினால் அதே சார்ஜ் வெகுதூரம் தாங்கும். பெட்ரோல் வண்டியைத் திணறடிக்கிற ஊர் ஓட்டம் இதற்குத் தோதாக அமைந்துவிடுகிறது.

மின்சாரத்தில் ஓடுகிற வாகனம் இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1895இல் மதராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1953 வரை ஓடியது. இரண்டு சக்கரத்தில் முதல் அலை வந்தது 2008ஐ ஒட்டி. முருகப்பா குழுமத்தின் பிஎஸ்ஏ மோட்டார்ஸ் உட்படப் பல நிறுவனங்கள் ஸ்கூட்டர் விற்றன. எல்லாம் ஈய அமில பேட்டரி. கனம் அதிகம், இழுவை குறைவு, ஒன்றிரண்டு வருஷத்தில் பேட்டரி தளர்ந்துவிடும். 2010 நவம்பரில் மத்திய அரசு மானியம் கொடுத்தது, 2012 மார்ச்சில் அது நின்றது. மானியத்தோடு சந்தையும் படுத்துவிட்டது. அந்த நாளில் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "மேம்பாலம் ஏறாதே அந்த வண்டி" என்று அவர்கள் சொல்வது அந்தக் காலத்து நினைவு. அதை மதிக்க வேண்டும். ஆனால் இன்றைய வண்டிக்கு அது பொருந்தாது.

மாற்றம் வந்தது லித்தியம் பேட்டரியால். அதில் ஒரு பகுதி நடந்த இடம் நந்தனத்திலிருந்து அடையாற்றைக் கடந்தால் வந்துவிடும் ஐஐடி வளாகம். அங்கே படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கிய ஏத்தர், அந்த வளாகத்திலேயே வளர்ந்தது. 2018இல் பெங்களூரிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் அதன் ஸ்கூட்டர் விற்பனைக்கு வந்தது, ஆலை ஓசூரில். அதற்கு முன்பே, 2008இல், ஹேமலதா அண்ணாமலை கோவையில் ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். டிவிஎஸ் ஐக்யூப் ஓசூரிலிருந்து வருகிறது, ஓலா கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியிலிருந்து வருகிறது. அந்தப் பச்சை பிளேட் வண்டிகளில் பெரும்பாலானவை நம் மாநிலத்துத் தொழிலாளர்கள் கோத்தவை. போச்சம்பள்ளி ஆலையில் பெண்கள் பெருமளவில் வேலை பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி கணக்கு. நந்தனத்திலிருந்து பெருங்குடிப் பக்கம் வேலைக்குப் போய்வந்து, வழியில் ஒன்றிரண்டு வேலையும் முடிக்கிற ஒருவருக்கு நாளைக்கு 25 கிலோமீட்டர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் என்றால் 625 கிலோமீட்டர். ஊருக்குள் லிட்டருக்கு 45 கொடுக்கிற ஸ்கூட்டருக்கு ஏறக்குறைய 14 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,400 ரூபாய். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், சார்ஜ் போடும்போது வீணாவதையும் சேர்த்து, 100 கிலோமீட்டருக்குச் சுமார் மூன்றரை யூனிட் எடுக்கும். 625 கிலோமீட்டருக்கு 22 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றாலும் 132 ரூபாய்தான். ஆயில் மாற்றுகிற வேலையும் இல்லை. வருஷத்துக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் மிச்சமாகும். நடுத்தரக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல, ஒரு பிள்ளையின் புத்தகமும் சீருடையும் அதில் வந்துவிடும்.

இங்கே நம் ஊர் ஈபி பில்லின் குணத்தையும் கவனிக்க வேண்டும். ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வண்டிக்காக அந்த இரண்டு மாதத்தில் 44 யூனிட் கூடும். முந்நூறு யூனிட் ஓடுகிற வீட்டில் அது தெரியவே தெரியாது. 480 யூனிட்டில் நிற்கிற வீட்டை அது 500ஐத் தாண்ட வைத்துவிடும். 500 தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைக்கிற சலுகையில் ஒரு பங்கு போய்விடும், மேற்கொண்டு ஓடுகிற யூனிட்டுக்கும் விலை ஏறும். அப்போதும் பெட்ரோலைவிட மலிவுதான், ஆனால் கடைக்காரர் சொல்கிற "கிலோமீட்டருக்கு 20 பைசா" அந்த வீட்டுக்கு ஒத்துவராது. வாங்குவதற்கு முன் பழைய பில்கள் நாலைந்தை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

பாண்டி பஜாருக்கும் பனகல் பார்க்குக்கும் மட்டும் போய்வருகிறவருக்கு இந்த மிச்சம் கிடைக்காது. நாளைக்கு நாலு கிலோமீட்டர் ஓட்டினால் வருஷத்தில் இரண்டாயிரம், மூவாயிரம்தான் மிஞ்சும். மானியமும் வருஷத்துக்கு வருஷம் சுருங்குகிறது. 2021இல் கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாய் இருந்தது, 2023 ஜூனில் 10,000 ஆனது, 2024 ஏப்ரலில் 5,000 ஆனது, பிறகு அதுவும் பாதியானது. 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் வண்டிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியதால் அந்தப் பக்கம் விலையும் குறைந்தது. குறைந்த தூரக்காரர்கள் ஓடுகிற பழைய வண்டியை விற்றுவிட்டுப் புதிது வாங்க அவசரப்பட வேண்டாம் என்பதே என் எண்ணம்.

அவர்களுக்கு வேறொரு வண்டி இருக்கிறது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். பெடல் மிதிக்கிற மின் சைக்கிளும் இந்த வகையில் வரும். சிஐடி நகர் உள் தெருக்கள், வெங்கட்நாராயணா சாலை, சேமியர்ஸ் சாலை ஆகியவற்றில் காய்கறி வாங்க, கோயிலுக்குப் போக, பிள்ளையை டியூஷனில் விட இது போதும். முழங்கால் வலிக்காரர்களுக்கு மின் சைக்கிள் பெரிய உதவி: மிதிப்பதில் பாதிப் பாரத்தை மோட்டார் வாங்கிக்கொள்ளும். அண்ணா சாலையில் மட்டும் இதை ஓட்டாதீர்கள். சுற்றியுள்ளவை ஐம்பதில் போகும்போது இருபத்தைந்தில் போவது ஆபத்து. சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் போடுங்கள். சில கடைகளில் "ஸ்பீடு லாக் எடுத்துத் தர்றோம், நாப்பத்தஞ்சு போகும் சார்" என்பார்கள். எடுத்த நிமிஷமே அது பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனம். யார் மேலாவது மோதினால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

தீ பற்றிய பயத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் அவருடைய சின்ன மகளும் புகையில் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் வண்டிகள் எரிந்த பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. பேட்டரிக்குள் ஒரு செல் எரிந்தால் அது அடுத்தடுத்த செல்லுக்குப் பரவக் கூடாது, பரவும் முன்பே ஓட்டுபவருக்கு எச்சரிக்கை வர வேண்டும் என்பது அதன் சாரம். பழைய வண்டியைக் கைமாற்றி வாங்குகிறவர்கள் அது எந்த மாதம் தயாரானது என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. மே மாத வெயிலில் ஓட்டி வந்த கையோடு சார்ஜரைச் செருகாமல் அரைமணி ஆறவிடுங்கள். ஹாலில், படுக்கையறைக் கதவருகில், மாடிப்படிக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடவே கூடாது. தீப்பிடித்தால் வெளியே ஓடும் வழியை மறித்துக்கொண்டு வண்டி நிற்கும்.

மழைக்கு வருவோம். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி நந்தனத்திலும் கோட்டூர்புரத்திலும் புகுந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். நல்ல வண்டிகளின் பேட்டரிக்கு ஐபி67 சான்று இருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் கிடந்தாலும் நீர் புகாது என்று பொருள். முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வர அது உதவும், இரண்டு நாள் மூழ்கிக் கிடந்த வண்டிக்கு உதவாது. அப்படிக் கிடந்ததை ஆன் செய்யவும் கூடாது, சார்ஜில் போடவும் கூடாது. சர்வீஸ் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் தெரிந்து, வாங்க மனசும் காசும் இருந்து, கடைசியில் ஒரு சாதாரணக் காரணத்தால் பின்வாங்கியவர்கள் நந்தனத்தில் நிறையப் பேர். அவர்கள் இருப்பது மூன்றாவது மாடியில். வண்டி நிற்பது கீழே, திறந்த முற்றத்தில். ஈபி மீட்டர் பெட்டி வேறொரு மூலையில். நடுவில் ஒரு பிளக் பாயின்ட் கிடையாது. ஹவுசிங் போர்டு கட்டிய பழைய குடியிருப்புகளில் இதுதான் நிலைமை. எண்பதுகளில் கட்டிய தனியார் ஃபிளாட்டுகளிலும் இதேதான். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டுச் சார்ஜ் போடுவதைப் பல தெருக்களில் பார்க்கிறேன். மழையில் நனைகிற இணைப்பு, சூடேறுகிற மெல்லிய வயர் என்று இருக்கிற ஆபத்தையெல்லாம் சேர்த்துக் கட்டின மாதிரி அது. பேட்டரியைக் கழற்றி மாடிக்கு எடுத்துப் போகிற வண்டிகளும் உண்டு. ஆனால் ஒரு பேட்டரி பத்துக் கிலோவுக்கு மேல். தினமும் மூன்று மாடி அதைத் தூக்கச் சொல்லி ஒரு அறுபது வயதுப் பெண்மணியிடம் யார் சொல்வது?

"ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு கிலோமீட்டர் ஓடும்?" என்பதுதான் கடையில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு எண்பது போதும், இன்று பல வண்டிகள் அதைத் தருகின்றன. கேட்க வேண்டியது இதுதான்: ராத்திரி என் வண்டி நிற்கிற இடத்தில் என் மீட்டரிலிருந்து ஒரு 15 ஆம்ப் பாயின்ட் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் மற்றதெல்லாம் எளிது. ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம், நாம் தூங்குகிற நேரத்தில் வேலை முடிந்துவிடும். கிடைக்காது என்றால் பொது சார்ஜிங் நிலையத்தை நம்பி வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். வாரத்தில் இரண்டு முறை அங்கே போய் உட்கார்ந்திருப்பது யாருக்கும் நெடுநாள் ஒத்துவராது.

சட்டத்தில் இதற்குத் தடை இல்லை. வீட்டில் இருக்கிற இணைப்பிலிருந்தே வண்டிக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் 2022 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. தடை வருவது அசோசியேஷன் கூட்டத்தில். "காமன் கரண்ட் செலவு யார் குடுப்பா?" "தீப்பிடிச்சா யார் பொறுப்பு?" இரண்டும் நியாயமான கேள்விகள். முதலாவதற்குப் பதில், பொதுக் கணக்கைத் தொடாமல் அவரவர் மீட்டரிலிருந்து தனி வயர். இரண்டாவதற்குப் பதில், முறையான எர்த், எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கிற பிரேக்கர், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் கையெழுத்து. இதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பெட்ரோலில் மிச்சமாவதில் சில மாதத்திலேயே வந்துவிடும். வாடகைக்கு இருப்பவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். காலி செய்யும்போது அந்த வயர் யாருக்கு என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

நகரில் இந்த வண்டியை அதிகம் ஓட்டுகிறவர்கள் யாரென்று பார்த்தால் உணவும் மளிகையும் கொண்டுவந்து தருகிற தம்பிகளும் தங்கைகளும்தான் முன்னே நிற்பார்கள். நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பெட்ரோல் செலவு கூலியில் பெரிய பங்கைத் தின்றுவிடும். 2025 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 2,000 இணையவழித் தொழிலாளர்களுக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது நல்ல காரியம். இரண்டாயிரம் போதாது. இவர்களில் பலர் தங்கியிருப்பது ஒரே அறையில் நாலைந்து பேராக. அவர்களுக்கும் ராத்திரி பிளக் பாயின்ட் கேள்வியே மிச்சம்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வண்டி அண்ணா சாலையில் புகை விடாது. ஆனால் நம் மின்சாரத்தில் கணிசமான பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. வடசென்னையில், எண்ணூர், வல்லூர்ப் பக்கத்து மக்கள் அந்தச் சாம்பலோடு வாழ்கிறார்கள். நந்தனத்துக் காற்று சுத்தமாவதற்கு அவர்கள் விலை கொடுக்கக் கூடாது. வெயில் காய்கிற பகலில் சூரிய மின்சாரம் ஏராளம். அலுவலக வாகன நிறுத்தத்தில் பிளக் பாயின்ட் இருந்தால் பகலிலேயே சார்ஜ் போட்டுவிடலாம். அண்ணா சாலையின் இரு பக்கமும் இருக்கிற அரசு அலுவலகங்களும் கல்லூரிகளும் தங்கள் வளாகங்களில் இதைச் செய்ய முன்வர வேண்டும்.

நந்தனம், சிஐடி நகர், சைதாப்பேட்டைப் பக்கம் பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருக்கிற காலம் இது. புதுக் கட்டடங்களில் வாகன நிறுத்தத்தில் 20 சதவீத இடத்துக்காவது சார்ஜிங் வசதி வேண்டும் என்று மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2019 பிப்ரவரியில் தன் மாதிரிக் கட்டட விதிகளில் சேர்த்தது. இரண்டு சக்கர வண்டிகள் நிறைந்த ஊரில் கார் நிறுத்தத்தில் இரண்டு சார்ஜரை மாட்டி அந்தக் கணக்கை முடித்துவிடுவார்கள் என்பதே என் கவலை. பூச்சு வேலைக்கு முன்பு, ஒவ்வொரு வீட்டு மீட்டரிலிருந்தும் ஸ்கூட்டர் நிற்கிற இடம் வரைக்கும் சுவருக்குள் ஒரு காலிக் குழாய் பதித்துவிட்டால் போதும், வயரைப் பிறகு இழுத்துக்கொள்ளலாம். பூசி முடித்தபின் அதே வேலைக்குச் சுவரை உடைக்க வேண்டும், செலவு பல மடங்கு ஆகும். உங்கள் கட்டடம் இப்போது மறுகட்டுமானத்துக்குப் போகிறது என்றால், பில்டரோடு போடுகிற ஒப்பந்தத்தில் டைல்ஸ் வகையும் லிஃப்ட் கம்பெனியும் எழுதுகிற அதே பக்கத்தில் இந்தக் குழாயையும் எழுதச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: நடைபாதை)