சட்டைப்பை பிஸ்டலுக்கு எந்தத் தோட்டா?

1986 ஏப்ரல் 11. அமெரிக்காவின் மயாமி பகுதியில் வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர் காரில் விரட்டி மடக்கினார்கள். அடுத்த சில நிமிடங்களில் அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர். ஐவர் காயமடைந்தனர். கொள்ளையர் இருவரும் மாண்டனர். பிரேதப் பரிசோதனையில் வெளிவந்த ஒரு விவரம் அமெரிக்கக் காவல் துறைகளை உலுக்கியது. கொள்ளையரில் ஒருவன்மீது முதலிலேயே பாய்ந்த ஒரு 9 மி.மீ. குண்டு, வலது மேற்கையைத் துளைத்து, மார்புக்குள் நுழைந்து, நுரையீரலையும் கிழித்திருந்தது. ஆனால் இதயத்தை எட்ட ஏறத்தாழ ஓர் அங்குலம் இருக்கும்போது நின்றுவிட்டது. காயம்பட்ட பிறகும் அவன் தொடர்ந்து சுட்டான். அதிகாரிகள் இருவரும் இறந்தது அதற்குப் பின்னர்தான்.

அந்தக் குண்டில் குறை ஒன்றும் இல்லை. உடலுக்குள் போனதும் முனை விரிய வேண்டும் என்று செய்யப்பட்ட குண்டு அது. சொன்னபடி விரிந்தது. விரிந்ததாலேயே ஆழம் போகவில்லை. தற்காப்புக்கான தோட்டாவைப் பற்றிய இன்றைய அறிவியல் பெரும்பாலும் இந்த ஓர் அங்குலத்திலிருந்து வளர்ந்ததுதான். பெரிய பிஸ்டலுக்கே இந்தச் சிக்கல் என்றால், பாதி ஆற்றல்கூட இல்லாத சட்டைப்பை பிஸ்டலுக்கு எந்தத் தோட்டாவை நம்புவது?

குட்டித் துப்பாக்கியின் கணக்கு

சட்டைப்பை பிஸ்டல்களில் பரவலாகப் புழங்குவது .380 ஏ.சி.பி. என்ற தோட்டா. ஜான் பிரௌனிங் வடிவமைத்த இதை 1908-இல் கோல்ட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. நூறாண்டு கடந்தும் அது வழக்கொழியவில்லை. ரூகர் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட எல்.சி.பி. பிஸ்டலை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 270 கிராம், குழலின் நீளம் 2.75 அங்குலம், அதாவது 7 செ.மீ. மேகசினில் 6 தோட்டா, குழலின் அறையில் ஒன்று, ஆக மொத்தம் 7. வெளியில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையை 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த நாட்டில் லட்சக்கணக்கானோர் அன்றாடம் கையோடு கொண்டு போவது இந்த மாதிரி ஆயுதத்தைத்தான்.

.380 குண்டின் எடை சுமார் 5.8 கிராம். விநாடிக்கு 270 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 210 ஜூல் அளவுக்கு வரும். வழக்கமான 9 மி.மீ. தோட்டாவின் 7.5 கிராம் குண்டு 350 மீட்டர் வேகத்தில் சுமார் 460 ஜூல் சுமந்து செல்கிறது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் அழுத்தம். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தரநிலைப்படி .380-க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,500 பவுண்டு. 9 மி.மீ.க்கோ 35,000.

குழல் குட்டையானால் இன்னும் இழப்பு. குழலுக்குள் இருக்கும் வரைதான் வெடிமருந்தின் வாயு குண்டை உந்தும். தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் நீளமான சோதனைக் குழலில் அளந்தது. அங்கே விநாடிக்கு 1,000 அடி காட்டும் குண்டு, சட்டைப்பை பிஸ்டலில் 870 அடியாகக் குறைந்தால், ஆற்றலில் கிட்டத்தட்டக் கால் பங்கு போய்விடுகிறது. பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பி வாங்குகிறவர் முதலில் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

குண்டு ஆளைத் தள்ளுமா?

சினிமாவில் குண்டு பட்டவர் பின்னால் தூக்கி எறியப்படுவார். இயற்பியலில் அது நடக்காது. 6 கிராம் எடை, 270 மீட்டர் வேகம். இதன் உந்தம் முழுவதும் 70 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் போனாலும், அவர் விநாடிக்குச் சுமார் 2.3 செ.மீ. வேகத்தில்தான் நகர்வார். எறும்பு ஊர்வதுபோன்ற வேகம் அது.

பிஸ்டல் குண்டு தன் பாதையில் திசுவை நசுக்கி ஓட்டை போடுகிறது. அந்த ஓட்டையின் ஆழமும் அகலமும்தான் விளைவைத் தீர்மானிக்கின்றன. வியட்நாம் போரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய மார்ட்டின் ஃபாக்லர், பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்க ராணுவத்தின் காய ஆய்வுக்கூடத்தை நடத்தி இதை நிறுவிக் காட்டினார். ரைஃபிள் குண்டின் அசுர வேகத்தில் திசு பெரிதாக விரிந்து கிழியும். பிஸ்டல் வேகத்தில் அந்த விரிவு பெரும்பாலும் தற்காலிகமானது. திசு மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 1989-இல் எஃப்.பி.ஐ. வெளியிட்ட ஆய்வறிக்கை இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொன்னது: இதயமே செயலிழந்தாலும், மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு ஒருவர் 10 முதல் 15 விநாடி வரை செயல்பட முடியும். ஒரே குண்டில் எதிராளி விழுந்துவிடுவார் என்ற நம்பிக்கைக்கு உடலியலில் ஆதாரமில்லை.

ஜெலட்டின் சொல்லும் சாட்சி

ஃபாக்லர் செம்மைப்படுத்திய சோதனைமுறை எளிமையானது. 10 சதவீத ஜெலட்டினை அச்சில் வார்த்து 4 டிகிரி செல்சியஸில் குளிரவைப்பார்கள். அந்தக் கட்டி தசையைப் போல் குண்டைத் தடுக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு 4.5 மி.மீ. எஃகு மணி ஒன்றை விநாடிக்குச் சுமார் 180 மீட்டர் வேகத்தில் சுடுவார்கள். மணி 8.5 செ.மீ. ஆழத்தில், ஒரு செ.மீ. முன்பின்னாக நின்றால்தான் கட்டி தேறியது. இல்லாவிட்டால் அந்தக் கட்டியில் எடுத்த அளவுகள் செல்லாது.

மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. இதையே அடிப்படையாகக் கொண்டு அளவுகோல் வகுத்தது. குண்டு ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும். 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மனித மார்பு அவ்வளவு தடிமனா என்று கேட்கலாம். எதிராளி எப்போதும் நேராக நிற்பதில்லை. குண்டு மயாமியில் போல முதலில் கையைத் துளைக்க வேண்டியிருக்கலாம், பக்கவாட்டில் நுழைய வேண்டியிருக்கலாம். மேல்வரம்பு எதற்கு? உடலைத் துளைத்து வெளியேறும் குண்டு பின்னால் நிற்கும் அப்பாவியைத் தேடிப் போகும் என்பதற்காக.

விரிவதா, ஆழம் போவதா?

குண்டின் முனையில் குழி இருந்தால், ஈரத் திசு அதற்குள் அழுத்தத்தோடு புகுந்து ஓரங்களைப் பூவிதழ்போல் மடக்கும். 9 மி.மீ. விட்டம் 13 மி.மீ. ஆனால், முகப்பின் பரப்பு இரண்டு மடங்காகிவிடும். ஓட்டை அகலமாகும். தடையும் இரட்டிப்பாகும். ஆழம் குறையும்.

இந்த எண்ணத்துக்கு இந்திய மண்ணில் ஒரு வேர் உண்டு. 1890-களில் கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச்சாலையில், கேப்டன் பெர்ட்டி-கிளே என்ற பிரிட்டிஷ் அதிகாரி .303 ரைஃபிள் குண்டின் முனையிலிருந்த உலோக உறையை நீக்கி, உள்ளிருக்கும் ஈயத்தை வெளியே தெரியவிட்டார். உடலில் பட்டதும் விரிந்த அந்தக் குண்டுகள் உலகெங்கும் கண்டனத்துக்கு உள்ளாயின. 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் விரியும் குண்டுகளைப் போர்க்களத்தில் தடை செய்தது. போலீசுக்கும் குடிமக்களுக்கும் அந்தத் தடை பொருந்தாது. கூட்டம் நிறைந்த தெருவில், உடலுக்குள்ளேயே நின்றுவிடும் குண்டுதான் சுற்றியிருப்பவர்களுக்குப் பாதுகாப்பு என்பதால், அமெரிக்கப் போலீஸ் துறைகள் குழிமுனைக் குண்டையே விரும்புகின்றன.

.380-இல் இது கத்திமேல் நடக்கும் வேலை. இருக்கும் ஆற்றல் குறைவு. நன்றாக விரியும் குண்டுகள் பல 12 அங்குலத்தை எட்டாமல் நிற்கின்றன. டெனிம் போன்ற தடித்த துணி வழியாகப் போனால் குழியில் நூல் அடைத்துக்கொண்டு சில குண்டுகள் விரியவே மாட்டா. அப்போது அவை 18 அங்குலத்தைத் தாண்டி ஓடும். உற்பத்தியாளர்கள் பல வழிகளில் இதற்கு விடை தேடுகிறார்கள். ஹார்னடியின் கிரிட்டிகல் டிஃபென்ஸ் வகையில் குழியை ரப்பர் போன்ற பாலிமரால் அடைத்து, நூல் புகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதே நிறுவனத்தின் எக்ஸ்.டி.பி. குண்டு நிதானமாக, குறைவாக விரியும். அதனால் ஆழம் கிடைக்கிறது. ஃபெடரல் நிறுவனம் குண்டின் எடையை 99 கிரெய்னுக்கு, அதாவது சுமார் 6.4 கிராமுக்கு உயர்த்திப் பார்த்தது.

ஆழமும் அகலமும் சேர்ந்து கிடைக்காதபோது எதை விடுவது? அகலத்தை விடலாம், ஆழத்தை விடக் கூடாது. உயிர் காக்கும் உறுப்புகள்வரை போகாத குண்டு எவ்வளவு அழகாக விரிந்திருந்தாலும் வேலை முடியாது.

முதலில் அது வெடிக்க வேண்டும்

இத்தனையும் பேசுவதற்கு முன் ஒரு நிபந்தனை இருக்கிறது. தோட்டா மேகசினிலிருந்து அறைக்குள் ஏற வேண்டும், வெடிக்க வேண்டும், காலிக்கூடு வெளியே விழ வேண்டும். சட்டைப்பை பிஸ்டலில் இது சாதாரணக் காரியமல்ல.

சுட்டதும் பிஸ்டலின் நகரும் மேற்பகுதியான ஸ்லைடு பின்னால் பாய்கிறது. எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி காலிக்கூட்டைக் கவ்வி இழுக்க, கூடு வெளியே தள்ளப்படுகிறது. ஸ்பிரிங் ஸ்லைடை முன்னுக்குத் தள்ள, அது மேகசினின் மேல் தோட்டாவைப் பிடுங்கி, சரிவுப் பாதையில் ஏற்றி, அறைக்குள் திணிக்கிறது. எல்லாம் விநாடியின் சிறு பங்கில் முடிகிறது. பெரிய பிஸ்டலில் ஸ்லைடு கனமாக, ஓட்டம் நீளமாக இருக்கும். சிறு பிழை பொறுக்கும். சின்னதில் ஸ்லைடு இலேசு, ஓட்டம் குட்டை, ஸ்பிரிங் விறைப்பு. ஸ்லைடு திரும்பி வருவதற்குள் மேகசினின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கியிருக்க வேண்டும். உருண்ட முனையுள்ள குண்டு சரிவில் வழுக்கி ஏறும். அகலவாய்க் குழிமுனை அதே சரிவில் முட்டி நின்றுவிடலாம். பிடி தளர்ந்தால் துப்பாக்கியின் உடலும் ஸ்லைடோடு பின்னால் போகும். ஸ்லைடு முழு ஓட்டம் ஓடாது. காலிக்கூடு வாசலில் செங்குத்தாகச் சிக்கும்.

.22 பிஸ்டலைத் தற்காப்புக்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தத் தோட்டாவில் எரியூட்டும் கலவை விளிம்புக்குள் பரவியிருக்கும். ஊசி அடிக்கும் இடத்தில் கலவை இல்லாவிட்டால் சத்தமே வராது. .25, .32, .380 தோட்டாக்களில் நடுவில் தனி பிரைமர் இருப்பதால் இந்த அபாயம் வெகு குறைவு.

ஆகவே நம்பகத்தன்மையைத் தோட்டாவின் பெட்டியில் தேடிப் பயனில்லை. இந்தத் துப்பாக்கி, இந்த மேகசின், இந்தத் தோட்டா, இந்தக் கை என்ற நான்கும் சேர்ந்த கூட்டணிக்குத்தான் அந்தக் குணம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் பிஸ்டலில் தங்கமாக ஓடிய தோட்டா உங்களுடையதில் சிக்கலாம்.

எத்தனை சுட்டால் நம்பலாம்?

புள்ளியியலில் மூன்றின் விதி என்று ஒன்று உண்டு. ஹேன்லி, லிப்மன்-ஹேண்ட் என்ற இருவர் 1983-இல் ஜாமா மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையால் பிரபலமானது. மருந்துப் பரிசோதனைகளில் இன்றும் பயன்படுகிறது. ஒரு செயலை எத்தனையோ முறை செய்து ஒருமுறைகூடப் பிசகவில்லை என்றால், 3-ஐ அந்த எண்ணிக்கையால் வகுங்கள். பிசகும் விகிதம் அதற்கு மேல் போகாது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம்.

50 தோட்டா சிக்காமல் ஓடியது என்று ஒருவர் நிம்மதியாக வீடு திரும்புகிறார். விதிப்படி அவர் சொல்ல முடிந்தது, பிசகு விகிதம் 6 சதவீதத்துக்குள் என்பது மட்டுமே. 6 சதவீதம் என்றால், 7 தோட்டாவில் ஒன்றாவது சிக்கும் வாய்ப்பு 35 சதவீதம்! 200 தோட்டா பிசகின்றி ஓடினால் வரம்பு 1.5 சதவீதமாக இறங்கும். 7 தோட்டாவில் சிக்கும் வாய்ப்பு 10 சதவீதத்துக்கு வரும். தற்காப்புத் தோட்டா விலை அதிகம் என்பதால் பலர் ஒரே பெட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சிக்கனம் உயிரோடு விளையாடுவது.

கவனிப்பும் பொறுப்பும்

நல்ல தோட்டாவும் கவனிப்பில்லாமல் கெடும். தினமும் இறக்கி ஏற்றும் ஒரே தோட்டாவின் குண்டு, சரிவில் மோதி மோதிக் கூட்டுக்குள் அமுங்கும். உள்ளிடம் சுருங்கினால் அழுத்தம் எகிறும். .380 தோட்டாவின் அதிகபட்ச நீளம் 0.984 அங்குலம், 25 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவு. புதுத் தோட்டாவின் நீளத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்து வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் அளவு குட்டையாகிவிட்டதை ஒதுக்கிவிட வேண்டும். எண்ணெய் கசிந்தால் பிரைமர் சாகும். சட்டைப்பையின் பஞ்சும் தூசியும் இயக்கத்தில் சிக்கும். ட்ரிகரை முழுக்க மூடும் உறை இல்லாமல் பிஸ்டலைப் பையில் போடவே கூடாது. ‘பிளஸ் பி’ என்று கூடுதல் அழுத்தம் சொல்லி விற்கும் .380 தோட்டாக்களை நம்ப வேண்டாம். இந்தத் தோட்டாவுக்கு அப்படியொரு தரநிலையே அமெரிக்காவில் இல்லை.

தேர்வு செய்பவருக்கு வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் உங்கள் பிஸ்டலில் பிசகாமல் ஓட வேண்டும். அடுத்து 12 அங்குலம் போக வேண்டும். விரிவது அதற்கும் பிறகுதான். உருண்ட முனைக் குண்டு மட்டுமே ஓடும் பழைய பிஸ்டல் என்றால் அதையே போடுங்கள். ஆனால் அது உடலைத் துளைத்து வெளியேறும் என்பதை மனத்தில் வைத்து, சுடும் திசையின் பின்னணியைப் பார்க்கப் பழகுங்கள். இலக்கைத் தவறும் குண்டுக்கு எந்த ஜெலட்டின் சோதனையும் உதவாது. பயிற்சிக்குச் செலவிடும் பணமும் நேரமும்தான் எந்தத் தோட்டாவையும்விடப் பெரிய பாதுகாப்பு. வீட்டில் குழந்தை இருந்தால், கையில் இல்லாத நேரமெல்லாம் அந்தப் பிஸ்டல் பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும்.