திருவையாற்றுக்கே அல்வா! வெளிநாட்டுச் சரக்கு வாங்கும் கடைக்காரர்களே, உஷார்!

திருவையாறு என்றால் அசோகா அல்வா. பாசிப்பருப்பை வேகவைத்து, நெய்யை வார்த்துக் கிண்டி, சுடச்சுடத் தருவார்கள். அந்த அல்வா தின்றால் இனிக்கும். ஆனால் நம் ஊர்ச் சின்னக் கடைக்காரர்களுக்கு வேறு அல்வா கொடுக்க, கடல் தாண்டி ஒரு கூட்டமே காத்திருக்கிறது. அது தின்றபிறகுதான் கசக்கும்!

தியாகராஜர் ஆராதனை வந்தால் காவிரிக்கரையில் ஜனம் அலைமோதும். தலை கிளிப், பலூன், சாவி கொடுத்தால் ஓடும் கார், சீரியல் லைட், பிளாஸ்டிக் பூமாலை என்று பேன்சி கடைகளில் கையில் எடுத்ததெல்லாம் விலைபோகும். முன்பெல்லாம் இதற்குக் கடைக்காரர் ராத்திரி பஸ் பிடித்து மெட்ராஸ் போவார். பாரிமுனையிலும் சவுகார்பேட்டையிலும் பேரம் பேசி, பண்டல் கட்டி, பஸ் டாப்பில் ஏற்றி வருவார். இப்போது செல்போனைத் தட்டினால் சீனாக்காரனே நேரில் பேசுகிறான்.

'டியர் பிரண்டு!'

ஒரு கடைக்காரரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸில் 60 ரூபாய்க்கு வாங்கும் பொம்மையை, அவர் போனில் ஒருவன் 18 ரூபாய்க்குக் காட்டுகிறான். 'டியர் பிரண்டு' என்றுதான் ஆரம்பிப்பான். பளபளவென்று பாக்டரி போட்டோ, வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள், அடுக்கடுக்காய் அட்டைப்பெட்டி. 'முப்பது சதவீதம் முன்பணம் அனுப்புங்கள், மீதி கப்பல் ஏறும்போது' என்கிறான்.

இந்த முப்பது - எழுபது கணக்கு ஒன்றும் மோசடி இல்லை. உலகம் முழுக்க நாணயமான வியாபாரிகளும் அப்படித்தான் கேட்கிறார்கள். அதனால்தான் ஆபத்து! நல்லவனும் கெட்டவனும் ஒரே பாஷை பேசுகிறான். வீட்டுக்காரியின் வளையல் அடகுக்கடைக்குப் போகிறது. பணம் பறக்கிறது. பத்து நாள் கழித்து, 'டியர் பிரண்டு' போன் அணைந்து கிடக்கிறது. பாக்டரி போட்டோ வேறு யாருடையதோ!

'படித்தவன், பெரிய கம்பெனிக்காரன் ஏமாற மாட்டான்; நம்மைப் போல ஏமாளிதான் மாட்டுவான்' என்று நினைக்கிறவர்கள் மேலே படியுங்கள்.

செம்புக்குப் பதில் கல்!

சுவிட்சர்லாந்தில் மெர்க்குரியா என்று ஒரு வியாபாரக் கம்பெனி இருக்கிறது. எண்ணெய், உலோகம் என்று உலகம் பூராவும் வாங்கி விற்கும் ராட்சசக் கம்பெனி. 2020-ம் ஆண்டு அது துருக்கியில் ஒரு பார்ட்டியிடம் செம்பு வாங்கியது. மதிப்பு சுமார் 3 கோடியே 60 லட்சம் டாலர். சரக்கு சீனாவுக்குப் போகவேண்டும். கண்டெய்னரில் செம்பு ஏறியது. ஆள் வைத்துப் பார்த்தார்கள். சீலும் வைத்தார்கள். எல்லாம் சரி!

ராத்திரியோடு ராத்திரியாக ஆசாமிகள் வந்தார்கள். சீலை உடைத்தார்கள். செம்பை இறக்கிவிட்டு, ரோட்டுக்குப் பதிக்கும் கல்லுக்குச் செம்பு வர்ணம் அடித்து உள்ளே அடுக்கினார்கள். போலி சீலைப் போட்டுப் பூட்டினார்கள். கப்பல் கிளம்பியது. பணமும் கிளம்பியது. சீனத் துறைமுகத்தில் திறந்தால், அத்தனையும் கல்!

சரி, இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று காகிதத்தை எடுத்தார்கள். விற்றவன் தந்த ஏழு இன்சூரன்ஸ் பத்திரத்தில் நிஜம் ஒன்றே ஒன்று! துருக்கி போலீசார் கும்பலில் பலரைப் பிடித்தார்கள். 2021-ல் விஷயம் உலகத்துக்கு வெளிச்சமானது.

இதில் நம்ம ஊர்க் கடைக்காரருக்கு ஒரு விஷயம் இருக்கிறது. விலை சொல்லும்போது 'எப்.ஓ.பி.' என்பார்கள், 'சி.ஐ.எப்.' என்பார்கள். எப்.ஓ.பி. என்றால் கப்பலில் ஏற்றும்வரை அவன் பாடு. கப்பல் கூலி, இன்சூரன்ஸ் நம் பாடு. சி.ஐ.எப். என்றால் கூலியும் இன்சூரன்சும் சேர்த்து அவனே பார்ப்பான். கேட்கச் சொகுசாக இருக்கும். ஆனால் கப்பல் ஏற்பாட்டு ஏஜெண்டும் அவன் ஆள், இன்சூரன்சும் அவன் தரும் காகிதம். எப்.ஓ.பி.யில் வாங்கி, ஏஜெண்டையும் இன்சூரன்சையும் இங்கேயே தேடிக்கொண்டால், சண்டை போடவாவது ஒரு உள்ளூர் ஆபீஸ் இருக்கும்.

ஒரே பெயரில் இரண்டு கம்பெனி

அடுத்தது, அதைவிடப் பலே ஆசாமி. லித்துவேனியா நாட்டுக்காரர் எவால்டாஸ் ரிமாசாஸ்காஸ். கூகுளும் பேஸ்புக்கும் தைவான் கம்பெனி ஒன்றிடம் கம்ப்யூட்டர் சாமான் வாங்குவது இவருக்குத் தெரியும். அதே பெயரில் லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு. பிறகு போலி பில், போலிக் கடிதம், போலி முத்திரை. 2013 முதல் 2015 வரை இரண்டு கம்பெனிகளும் 12 கோடி டாலருக்கு மேல் அனுப்பித் தொலைத்தன. 2019-ல் நியூயார்க் கோர்ட்டு 5 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது.

கூகுளுக்கே நாமம் போட்டவன், நம் கடை இமெயிலை விட்டுவைப்பானா?

இதே வித்தை சின்ன வியாபாரத்தில் இப்படி வரும். நிஜமான பாக்டரிதான், இரண்டு தடவை சரக்கும் ஒழுங்காக வந்திருக்கும். மூன்றாவது தடவை ஒரு இமெயில்: 'எங்கள் பழைய கணக்கு ஆடிட்டிங்கில் இருக்கிறது, புதுக் கணக்குக்குப் பணம் அனுப்பவும்.' அனுப்பியவன் பாக்டரிக்காரன் இல்லை. இடையில் புகுந்து கடிதங்களை ஒட்டுப் பார்த்த திருடன்! இமெயில் முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் சட்டென்று தெரியாது.

கணக்கு மாறியது என்று எழுத்தில் வந்தால், வாயில் கேட்க வேண்டும். அதுவும் அந்தக் கடிதத்தில் போட்டிருக்கும் நம்பருக்கு இல்லை. முதல் நாளிலிருந்து உங்களிடம் இருக்கும் பழைய நம்பருக்குப் போன் போட வேண்டும். கம்பெனி பெயர் ஒன்று, வங்கிக் கணக்குப் பெயர் ஒன்று என்றாலோ, பாக்டரி சீனாவில், கணக்கு வேறு நாட்டில் என்றாலோ, பணத்தை இடுப்பிலேயே முடிந்துகொள்வது உத்தமம்.

வங்கி 'லெட்டர் ஆப் கிரெடிட்' கொடுக்கும். கப்பல் ரசீது உள்பட கேட்ட காகிதமெல்லாம் வந்தால்தான் பணம் போகும். தந்தி மணியார்டர் மாதிரி நேரே அனுப்புவதைவிட இது பத்திரம். ஆனால் வங்கி பார்ப்பது காகிதத்தை, சரக்கை அல்ல! சர்வதேச விதியே அப்படித்தான். காகிதம் சரியாக இருந்து பெட்டிக்குள் கல் இருந்தால், வங்கியைக் கேட்க முடியாது. அதனால் சாம்பிள் வாங்கிப் பார்ப்பதும், கப்பல் ஏறும் முன்பு மூன்றாம் ஆள் ஒருவரை வைத்துச் சரக்கைப் பிரித்துப் பார்ப்பதும் வீண் செலவு இல்லை. அந்த ஆளை நீங்கள் அமர்த்த வேண்டும். விற்பவன் அமர்த்திய ஆள் அவன் சோற்றைத் தின்கிறவன்.

தூத்துக்குடியில் வெடித்த வெடி

ஏமாறுவது ஒரு பக்கம். மாட்டிக்கொள்வது இன்னொரு பக்கம்.

2025 செப்டம்பரில் தூத்துக்குடி துறைமுகத்தில் இரண்டு பெரிய கண்டெய்னர்களை வருவாய் புலனாய்வுத் துறையினர் திறந்தார்கள். காகிதத்தில் எழுதியிருந்தது, ஓட்டை அடைக்கும் 'சிலிகான் சீலண்ட்' பீச்சுகிற துப்பாக்கி. முன்வரிசையில் அதுதான் இருந்தது. பின்னால்? சீனப் பட்டாசு! 83 ஆயிரத்து 520 உருப்படிகள், மதிப்பு சுமார் ரூ.5 கோடி. நால்வர் கைதானார்கள்.

வெளிநாட்டிலிருந்து சரக்கு இறக்க 'ஐ.இ.சி.' என்ற நம்பர் வேண்டும். வெளிநாட்டு வர்த்தக டைரக்டர் ஜெனரல் அலுவலகம் தருகிறது. பான் கார்டு இருந்தால் வீட்டிலிருந்தே மனுப் போடலாம், கட்டணம் ரூ.500. இத்தனை சுலபமாகக் கிடைப்பதால் இதற்கும் ஒரு திருட்டு மார்க்கெட்! 'அண்ணே, நம்பர் சும்மாதானே கிடக்குது, எங்க சரக்கு ஒண்ணு உங்க பேர்ல வரட்டும். உங்களுக்கு ஒரு தொகை' என்று இனிக்க இனிக்கப் பேசி ஒருவன் வருவான். கண்டெய்னருக்குள் பட்டாசோ சிகரெட்டோ இருந்தால், அதிகாரி முதலில் தட்டுவது நம்பருக்குச் சொந்தக்காரன் கதவைத்தான். ஓட்டு அடையாள அட்டையை வாடகைக்கு விடுவோமா?

விமானத்தில் 'குருவி'களிடம் சொல்லிச் சாமான் தருவிப்பதும் இதில் சேர்த்திதான். பயணி தன் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவருவது வேறு. கடையில் விற்கக் கொண்டுவருவது வேறு. பில் இல்லாத சரக்கு கடையில் பிடிபட்டால், குருவி பறந்திருக்கும். கடைக்காரர் பறக்க முடியாது.

பொம்மைக்கும் முத்திரை

கரிகாலன் காலத்தில் காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் சரக்கு மூட்டைக்குப் புலி முத்திரை குத்தி அனுப்பினார்கள் என்று பட்டினப்பாலை சொல்கிறது. இன்றைக்குப் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2021 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். லைசென்ஸ் இறக்குமதி செய்கிறவருக்கு இல்லை. பொம்மை செய்கிற வெளிநாட்டு பாக்டரிக்கே இருக்க வேண்டும். 2023 ஜனவரியில் நாட்டின் பெரிய பெரிய கடைகளிலேயே சோதனை போட்டு, முத்திரை இல்லாத பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். முத்திரையோடு இருக்கும் லைசென்ஸ் நம்பரை 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் தட்டினால், நிஜமா போலியா என்று தெரிந்துவிடும்.

பொம்மைக்குச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. 18 ரூபாய் பொம்மை கடைக்கு வந்துசேரும்போது என்ன விலை என்று இப்போது கூட்டிப் பாருங்கள்! குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர். அவர் இப்போது ஆட்சியில் இல்லை.

சிகரெட் லைட்டரிலும் ஜாக்கிரதை. கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்து 20 ரூபாய்க்குக் குறைவாக வருகிற லைட்டரை 2023 ஜூன் 29-ல் மத்திய அரசு தடை செய்தது. கோவில்பட்டி, சிவகாசி தீப்பெட்டிக்காரர்கள் நீண்டநாளாகக் கேட்டுவந்தது அது.

'வரிதானே பிரச்னை? பில்லில் பாதி விலை போட்டுத் தருகிறேன்' என்பான் டியர் பிரண்டு. சம்மதித்தால் இரண்டு பக்கமும் அடி. சுங்க அதிகாரி கண்டுபிடித்தால் வரியோடு அபராதம். கடலில் சரக்கு போனாலோ, பாதி விலைக்குத்தான் இன்சூரன்ஸ்! முழுப் பணம் கொடுத்தேன் என்று எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

கப்பல் வந்தபிறகு ஏஜெண்டைத் தேடுகிறவர்களும் உண்டு. சுங்க மனுவைச் சரக்கு வருவதற்கு முந்தின நாளே போட்டுவிட வேண்டும் என்பது சட்டம். தாமதமானால் முதல் 3 நாளைக்குத் தினம் ரூ.5 ஆயிரம், அதற்கு மேல் தினம் ரூ.10 ஆயிரம். துறைமுக வாடகை, கண்டெய்னர் வாடகை தனி. பத்துப் பேர் சரக்கு சேர்ந்து வரும் கண்டெய்னரில் ஒருவன் கள்ளச் சரக்கு வைத்திருந்தால், மற்ற ஒன்பது பேர் பெட்டியும் அங்கேயே நிற்கும். ஆராதனைக்கு விற்க வாங்கிய சரக்கு ஆடிப்பெருக்குக்கு வந்து சேரும்!

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே 1930 என்ற நம்பருக்குப் போன் போட வேண்டும். வங்கிக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். 'ஊரில் தெரிந்தால் கேவலம்' என்று இரண்டு நாள் மூடி வைத்தால், பணம் நாலு நாடு தாண்டியிருக்கும்.

தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மைக்கு இந்தத் தலைவலி கிடையாது. புவிசார் குறியீடு பெற்ற சரக்கு என்பதால், பதிவு பெற்ற கைவினைஞர் செய்து விற்கும் அந்தப் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையிலிருந்து மத்திய அரசு விலக்குக் கொடுத்திருக்கிறது. கப்பல் வேண்டாம், டாலர் வேண்டாம். திருவையாற்றிலிருந்து டவுன் பஸ் ஏறினால் போதும்.