ஒட்டாத சட்டியும் பழகிய தோசைக்கல்லும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றை அடுத்துள்ள மூங்கில்துறைப்பட்டு, கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர். கரும்பு விளையும் இத்தகைய ஊர்களில், எரிவாயு வந்த பின்னரும் விறகும் சோகையும் எரியும் அடுப்புகள் அடியோடு மறைந்துவிடவில்லை. நான்ஸ்டிக் எனப்படும் ஒட்டாத பூச்சுள்ள தோசைச் சட்டியும் கிராமத்துச் சமையலறையில் இடம் பெற்றுவிட்டது. இவ்விரண்டும் ஒன்றுசேரலாகாது என்பதையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இப்பூச்சு 1938-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட ஒருவகைப் பிளாஸ்டிக் ஆகும். டெஃப்லான் என்பது அதன் வணிகப் பெயர். மிதமான சூட்டில் இது உணவுடன் கலப்பதில்லை. உரிந்த துணுக்கு வயிற்றுக்குள் சென்றாலும் செரியாமல் வெளியேறிவிடும். ஆகவே இதில் சமைத்தாலே புற்றுநோய் வரும் என்று அஞ்சுவது மிகை. ஆயினும் இதன் உற்பத்தியில் முன்பு பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்னும் இரசாயனத்தை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-இல், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுள் சேர்த்துள்ளது. தயாரித்தவர் பெயரே இல்லாத மலிவுச் சட்டியை வாங்குவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

உண்மையான ஆபத்து அளவு மீறிய சூட்டில் உள்ளது. ஏறத்தாழ 260 பாகை செல்சியசுக்கு மேல் பூச்சு சிதையத் தொடங்குகிறது. 350 பாகையைத் தாண்டினால் நச்சுப்புகை மிகுதியாக எழும். அதனைச் சுவாசித்தவர்க்குக் குளிர்காய்ச்சலும் இருமலும் காணும். கூண்டில் வளர்க்கும் கிளி இறந்துபோகவும் கூடும். "கல் காயட்டும்" என்று வெறும் சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பது நம் வழக்கம். எரிவாயுவின் பெருந்தீயிலேயே சில நிமிடங்களில் இந்த அளவை எட்டிவிடும் எனில், சோகைத் தீயைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகளும், பூச்சு தேய்ந்த சட்டியை ஒதுக்கிவிடுமாறு கூறி, மட்பாண்டமே மிகவும் பாதுகாப்பானது என்கின்றன. இரும்புத் திருப்பியும் சாம்பலும் இப்பூச்சுக்கு ஆகா.

தோசைக்கு நம் இரும்புக் கல்லே போதுமானது. ஒட்டுகிறது என்ற குறை, கல்லைப் பழக்காததால் வருவது. புதுக் கல்லை நன்கு தேய்த்துக் கழுவி, ஓரிரு நாள் வடித்த கஞ்சியில் ஊறவைத்துத் துடைத்து, நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கி ஆறவிட வேண்டும். இவ்வாறு சில முறை செய்தபின் பாதி வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்து வார்த்தால் தோசை தானே எழும். இரும்பில் சமைப்பதால் உணவில் சிறிது இரும்புச்சத்து சேருவதும் நன்மையே. புளிக்குழம்பை மட்டும் அதில் வைக்கலாகாது, கறுத்துப்போகும். அதற்கு மண்சட்டி உண்டு.

பித்தளையில் சமைப்போர் ஈயம் பூசிக்கொள்ளவேண்டும். அது வெள்ளீயமாக இருத்தல் இன்றியமையாதது. காரீயம் கலந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். ரசம் வைக்கும் ஈயச்சொம்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மண்சட்டி வேண்டுமெனில் குயவருக்கு மண் வேண்டும். ஏரி, குளங்களிலிருந்து களிமண்ணை வட்டாட்சியர் அனுமதியுடன் கட்டணமின்றி எடுக்கத் தமிழக அரசு 2024-இல் வழிசெய்துள்ளது. தம் ஊர்க் குயவர்க்கு விண்ணப்பம் எழுதித் தந்து இதனைப் பெற்றுத் தருவது பஞ்சாயத்து உறுப்பினர்கள் எளிதில் செய்யக்கூடிய காரியம்.