தேயிலைப் பச்சையும் கெமராவின் கணக்கும்

மஸ்கெலியாவில் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் படம் எடுத்துப் பாருங்கள். படம் முழுக்கத் தேயிலை, நடுவே ஒரு முகம். நேரில் பளிச்சென்று இருந்த கொழுந்து படத்தில் சற்று மங்கிப்போயிருக்கும். முகத்திலோ இளஞ்சிவப்பு ஏறியிருக்கும். சில வேளை ஊதாவே படிந்திருக்கும். அவருடைய நிறம் அதுவல்ல என்பது பக்கத்து நிரையில் நிற்கிறவருக்குத் தெரியும். கெமராவில் பழுது எதுவும் இல்லை. அது போட்ட கணக்குத்தான் பிழைத்துவிட்டது. 'வைட் பெலன்ஸ்' என்று கெமராவில் இருக்கும் அமைப்பு அந்தக் கணக்கைப் பற்றியதுதான்.

எல்லா வெளிச்சமும் ஒரே நிறமல்ல. குண்டு பல்பின் வெளிச்சம் மஞ்சள், மூடுபனியில் வடிந்து வரும் பகல் வெளிச்சம் நீலம் கலந்தது. ஆனால் லயக் காம்பராவுக்குள்ளும் பனி மூடிய பாதையிலும் பிள்ளையின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. கண்ணும் மூளையும் சேர்ந்து வெளிச்சத்தின் நிறத்தைக் கழித்துவிடுகின்றன. கெமராவின் சென்சர் வந்த ஒளியை வந்தபடியே அளக்கும். பிறகு சிவப்பையும் நீலத்தையும் கூட்டியோ குறைத்தோ வெள்ளையை வெள்ளையாக்க வேண்டும்.

எவ்வளவு கூட்டுவது என்பதற்குத்தான் கெல்வின் எண். உலையில் வைத்த இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, இன்னும் சூடேறினால் வெளுக்கும். அந்தச் சூட்டின் அளவைக் கொண்டே ஒளியின் நிறத்தைக் குறிக்கிறார்கள். மெழுகுதிரி 1900 கெல்வினை ஒட்டியது. குண்டு பல்பு 2700 முதல் 3000 வரை. நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 5500. மேகம் மூடினால் 6500, நீலவானத்தின் கீழான நிழலில் 7500க்கும் மேல். கெமராவில் இந்த எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும், குறைத்தால் நீலமாகும். பலரும் குழம்புவது இங்கேதான். '7000' என்று வைக்கும்போது, 'இங்கே வெளிச்சம் நீலமாக இருக்கிறது' என்று கெமராவுக்குச் சொல்கிறோம். அதை ஈடுகட்ட அது மஞ்சளைச் சேர்க்கிறது.

தானியங்கி அமைப்பில் இந்த எண்ணைக் கெமராவே ஊகிக்க வேண்டும். அதற்கான பழைய வழி, படத்திலுள்ள எல்லா நிறங்களையும் கலந்தால் சாம்பல் வரும் என்று வைத்துக்கொள்வது. கொழும்புத் தெருவில் இது பெரும்பாலும் சரிவரும். நம் மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை. 'வெளிச்சம்தான் பச்சையாக இருக்கிறது போலும்' என்று எண்ணி, கெமரா பச்சைக்கு எதிர்நிறமான ஊதா கலந்த சிவப்பை அள்ளிப் போடுகிறது. அது முகத்தின் மேல் வந்து விழுகிறது. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றி, மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் எச்சங்கள் வெளியே தெரியும் நாட்களில் போய்ப் படம் எடுப்பவர்களுக்கு இதே பிழை மறுபக்கமாக நேரும். எங்கும் செம்மண் சேறு என்பதால் கெமரா நீலத்தைக் கூட்டும். இன்றைய தொலைபேசிகள் முகத்தை அடையாளம் கண்டு ஓரளவு திருத்திக்கொள்கின்றன. ஆனால் தூரத்தில் தலையில் துணி போட்டு, கூடை சுமந்து, குனிந்து நிற்கிறவரின் முகம் அதற்கு எப்போதும் அகப்படுவதில்லை.

எங்கள் மண்ணில் படக்கருவி ஆட்களின் நிறத்தைத் தவறவிடுவது புதிதல்ல. உலகப் புகழ்பெற்ற படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அவருடைய கல்லறை இருக்கிறது. களுத்துறையில் அவர் எடுத்த உழைக்கும் மக்களின் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. அக்காலத்துக் கொலோடியன் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியையும் புறஊதாக் கதிரையும் மட்டுமே நன்கு பதிந்தன. பச்சையும் சிவப்பும் இருண்டுபோயின. மாநிறத் தோல் நேரில் இருப்பதைவிடக் கறுத்தே விழுந்தது. பிறகு வந்த வண்ணப் பிலிமிலும் சிக்கல் தீரவில்லை. லேப்களில் நிறம் சரிபார்க்கப் பயன்பட்ட 'ஷெர்லி அட்டை'யில் நெடுங்காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்.

ஆகவே தோட்டத்தில் படமெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது முகத்தைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். இலையைப் பார்த்து நிறம் திருத்தக் கூடாது. சுற்றுலா விளம்பரங்களில் பச்சையை மேலும் மேலும் ஏற்றி, பறிக்கிறவரின் முகத்தை யாருடையதோ ஆக்கிவிடுகிறார்கள். தன் படத்தைப் பார்க்கும் அந்த அக்காவுக்கு அது தன் முகமாகத் தெரிய வேண்டாமா?

வழி எளியது. 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் சாம்பல் அட்டை கெமராச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதை முகத்தருகே, முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்து, 'கஸ்டம்' அமைப்பில் அந்தப் படத்தைக் காட்டினால் போதும். முகம் வெயிலிலும் அட்டை நிழலிலும் இருந்தால் பயனில்லை. அட்டைக்குப் பதிலாக வெள்ளைச் சட்டையையோ கொப்பித் தாளையோ காட்டுவோர் உண்டு. நீலம் போட்டுத் துவைத்த சட்டை உண்மையான வெள்ளையல்ல. தாளிலும் பளிச்சிடச் சேர்க்கும் இரசாயனம் பகலில் நீலத்தை உமிழும். அதை வெள்ளை என்று நம்பும் கெமரா படத்தை மஞ்சளாக்கிவிடும். அட்டை இல்லாதபோது மேக மூட்டத்துக்கு மேகப் படமுள்ள அமைப்பையும், வெயிலுக்குச் சூரியப் படமுள்ளதையும் கையால் தெரிவு செய்யுங்கள். மலையில் தானியங்கியைவிட அது மேல். சிவனொளிபாத மலையில் சூரிய உதயத்துக்கும் சூரியப் படம்தான். தானியங்கியில் விட்டால் அந்தச் செம்மஞ்சளை அது பிழையென்று நினைத்துத் துடைத்துவிடலாம்.

தேயிலை ருசி பார்ப்பவர்கள் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள். சாயத்தின் நிறத்தை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில்தான் பார்ப்பார்கள், அதுவும் சீரான பகல் வெளிச்சத்தில். இணையத்தில் தேயிலை விற்பவர்களும் அந்தக் கிண்ணத்தைப் படத்துக்குள் வைத்து, அதன் விளிம்பு வெள்ளையாக வரும்படி நிறத்தைத் திருத்தினால் வாங்குபவர் ஏமாற மாட்டார்.

கலியாண மண்டபம்தான் பெரிய தலைவலி. ஜன்னலால் நீலப் பகல், கூரையில் பச்சை சாய்ந்த டியூப் லைட், மேடையில் மஞ்சள் பல்பு, வீடியோக்காரரின் எல்இடி. "தம்பி, கூறை செவப்புத்தானே, படத்துல ஏன் ஒரேஞ்சா இருக்கு?" என்று பெண்ணின் தாயார் கேட்பது இதனால்தான். கெமராவில் வைக்கும் ஓர் எண் ஒருவகை வெளிச்சத்தைத்தான் திருத்தும். மணமேடைக்கு மேலுள்ள டியூப் லைட்டை அணைக்கச் சொல்லுங்கள், அல்லது உங்கள் எல்இடியின் நிறத்தை மேடை பல்போடு பொருத்துங்கள். டியூப் லைட்டைத் தவிர்க்கவே முடியாத இடத்தில், பச்சைக்கும் ஊதாவுக்கும் இடையே நகர்த்தும் 'டின்ட்' அளவை ஊதாப் பக்கம் சிறிது தள்ளலாம்.

வீடியோவில் எண்ணைப் பூட்டியே ஆக வேண்டும். தானியங்கியில் விட்டால், காமன் கூத்தில் ஆட்டக்காரர் தீப்பந்தத்தின் அருகே வந்து விலகும்போதெல்லாம் அதே முகம் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். நெருப்பை முழுக்க வெள்ளையாக்கவும் வேண்டாம். 3200இல் பூட்டினால் பந்தத்தின் செம்மை நிற்கும், முகமும் தெரியும். புகைப்படத்தை 'ரோ' கோப்பாக எடுத்தால் இந்த எண்ணைப் பிறகு சேதமின்றி மாற்றலாம். ஜேபெக்கிலும் சாதாரண வீடியோவிலும் அவ்வளவு இடம் கிடையாது. அதனால் விழாவுக்குப் போனதும் முதல் படமாகவும், வெளிச்சம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் மறுபடியும், சாம்பல் அட்டையை ஒருமுறை எடுத்து வையுங்கள். நிறம் திருத்த உட்காரும்போது அந்தப் படத்தில் ஒரு கிளிக் போதும்.