கல் எடுத்த குழியில் மீண்டும் பச்சை வருமா? பல்லாவரம் முதல் நன்மங்கலம் வரை... ஒரு விளக்கம்!

1863 மே 30. பல்லாவரம் ராணுவத் திடலில் சரளை எடுக்கத் தோண்டிய ஒரு குழி. அங்கேதான் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழங்கற்கால ஆய்வே இதிலிருந்துதான் தொடங்கியது. ஆக, தென்சென்னை புறநகரில் சரளையும் கல்லும் தோண்டுறது நேத்து ஆரம்பிச்ச கதை இல்லை.

இங்குள்ள குன்றுகள் சார்னோகைட் என்ற கடினமான பாறையால் ஆனவை. கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை என்பதால், 1893-ல் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் இது. ரோடு போட, கட்டடம் கட்ட ஜல்லிக்கு ஏற்ற கல். அதனால்தான் பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கம் இத்தனை குவாரிகள்.

கல்லோடு சேர்த்து எது போகிறது?

கல்லை எடுப்பதற்கு முன்பே மேல்மண் போய்விடுகிறது. செடிகளுக்கான சத்து, நுண்ணுயிர்கள், விதைகள் எல்லாம் இருப்பது மேலே உள்ள சில சென்டிமீட்டர் மண்ணில்தான். 2 முதல் 3 சென்டிமீட்டர் மண் உருவாக 1,000 ஆண்டுகள் வரை ஆகலாம் என்கிறது ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு.

மிஞ்சுவது சரளையும் கல்தூளும். அதில் மட்கு இல்லை, தழைச்சத்தும் மிகக் குறைவு. சரளையில் ஊற்றும் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். லாரி ஓடி இறுகிப்போன இடத்திலோ தண்ணீர் உள்ளேயே போகாது, வேரும் இறங்காது. 'நாலு மரக்கன்று நட்டா சரியாகிடும்' என்று நினைத்து வைக்கும் கன்றுகள் கோடையில் கருகுவது இதனால்தான்.

அப்போ முதலில் எது வளரும்?

எருக்கு, ஆவாரம், விராலி, கொழுஞ்சி போன்றவை. பட்டினி கிடந்தும் பிழைக்கத் தெரிந்த செடிகள் இவை. கொழுஞ்சியின் வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனை இழுத்து மண்ணில் சேர்க்கும். விவசாயிகள் அதைப் பசுந்தாள் உரமாகப் பயன்படுத்துவதும் அதற்காகத்தான். இந்தச் செடிகளின் சருகு விழுந்து மட்கிய பிறகுதான் களா, சூரை போன்ற புதர்களுக்கு இடம் கிடைக்கும். சீமைக்கருவேலமும் இதே சரளையில் சீக்கிரம் வளரும். ஆனால், அது அடர்ந்துவிட்டால் மற்ற செடிகளுக்கு வழி விடாது.

இதை நேரில் பார்க்க தாம்பரம் - வேளச்சேரி சாலையில் போனால் போதும். மேடவாக்கம் அருகே சுமார் 320 ஹெக்டேரில் இருக்கிறது நன்மங்கலம் காப்புக்காடு. அதற்குள் கைவிடப்பட்ட ஒரு பழைய கல்குவாரி இருக்கிறது. அதைச் சுற்றி புதர்க்காடு. பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை கூடு வைக்கிறது. வெட்டிய பாறைச் சுவரே அதற்கு வீடு. சுற்றிலும் காடு மிஞ்சியிருந்ததால் விதை வந்தது. விதையைச் சுமந்து வரப் பறவைகளும் வந்தன. நாலு பக்கமும் கட்டடம் எழும்பிவிட்ட குவாரிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

சுரங்கப் பணி முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என 2020 ஜனவரி 8-ல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. குத்தகைதாரர் இருக்கும் இடத்தில் இதைக் கேட்கலாம். எப்போதோ கைவிட்டுப்போன குழிக்கு யாரைப் பிடிப்பது? சிக்கல் அங்கேதான்.

என்ன செய்யலாம்?

புதிய குவாரி என்றால், முதல் நாளே மேல்மண்ணைத் தனியாகக் குவித்துப் பாதுகாத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்ப வேண்டும். பழைய குழி என்றால், இறுகிய மண்ணைக் கிளறி, மட்கு சேர்த்து, முதலில் புல்லும் கொழுஞ்சியும், மரம் அப்புறம்தான். தண்ணீர் தேங்கும் ஆழமான குழிகளுக்கு வேலி கட்டாயம். ஆனால், அவற்றைக் குப்பையால் மூடுவது தீர்வல்ல. 2017, 2019 வறட்சிகளில் சென்னைக்குக் குடிநீர் கொடுத்தவற்றில் மாங்காடு அருகே உள்ள சிக்கராயபுரம் கல்குவாரிகளும் உண்டு.

'சும்மா கிடக்கிற குழி' என்று பெயர் வைத்துவிட்டால் அடுத்து வருவது குப்பை லாரிதான். அந்த லாரி வருவதற்கு முன்பே முடிவெடுத்தால்தான் தாம்பரம் பக்கத்தில் இன்னொரு நன்மங்கலம் உருவாகும்.