வாணலி எண்ணெயும் வண்டி எண்ணெயும்

மந்தைவெளித் தெருக்களில் மாலை வேளையில் நடப்போர்க்கு வாழைக்காய் பஜ்ஜியின் மணம் புதிதன்று. பஜ்ஜி விற்றுத் தீர்ந்தபின் வாணலியில் எஞ்சும் கறுத்த எண்ணெய் எங்கே செல்கிறது என்று நாம் கேட்பதில்லை. அவ்வெண்ணெய் உயிரி டீசலாக மாறும் முறையினையும், அதற்கு நேரும் தடையினையும் ஈண்டுக் காண்போம்.

தாவர எண்ணெயால் எந்திரம் ஓட்டுவது புதிய எண்ணமன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் எந்திரம் ஒன்று கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டப்பெற்றது. ஆயினும் தாவர எண்ணெய் டீசலினும் பன்மடங்கு பிசுபிசுப்புடையது. நாளடைவில் எந்திரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடும். அப்பிசுபிசுப்பைக் குறைப்பதே இத்தொழில்நுட்பத்தின் உயிர்நிலை.

எண்ணெய் மூலக்கூற்றினை மூன்றே பற்கள் கொண்ட சீப்பு எனக் கொள்ளலாம். சீப்பின் முதுகு கிளிசரின். பற்கள் கொழுப்பு அமிலங்கள். எண்ணெயுடன் மெத்தனாலும், வினையூக்கியாகச் சிறிது எரிசோடாவும் சேர்த்து ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் கலக்கினால், பற்கள் முதுகை விட்டகன்று மெத்தனாலோடு இணைகின்றன. கனமான கிளிசரின் அடியில் தங்க, மேலே நிற்பதே உயிரி டீசல். 100 கிலோ எண்ணெயும் 10 கிலோ மெத்தனாலும் சேர்ந்தால், ஏறக்குறைய 100 கிலோ உயிரி டீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும். கிளிசரினும் வீணன்று; தூய்மை செய்தால் சோப்புக்கும் மருந்துக்கும் பயன்படும்.

பலமுறை காய்ந்த எண்ணெயில் ஓர் இடர் உண்டு. பண்டத்தின் ஈரத்தாலும் வெப்பத்தாலும் சில பற்கள் முன்பே உதிர்ந்து கிடக்கும். அவை எரிசோடாவோடு கூடிச் சோப்பாகி, இரு படலங்களும் பிரியாதவாறு தடுக்கும். எனவே கந்தக அமிலத்தின் துணையால் அவற்றை முதலில் மெத்தனாலோடு இணைத்துவிடுவர். லைபேஸ் என்னும் நொதியைப் பயன்படுத்துவது பின்வந்த முறை. அதில் சோப்புத் தொல்லை இல்லை. சுத்திகரிப்பு ஆலைகளில் உயர் அழுத்த ஹைட்ரஜனைச் செலுத்தி எண்ணெயிலுள்ள ஆக்சிஜனை நீக்கும் முறையும் உண்டு. அதில் கிடைப்பது பெட்ரோலிய டீசலை ஒத்த ஹைட்ரோகார்பனே, செலவுதான் மிகுதி.

நம் நாடு முதலில் நம்பியது காட்டாமணக்கை. 2003இல் திட்டக் குழுவின் அறிக்கை அதனைப் பரிந்துரைத்தது, தமிழகத்திலும் பயிரிட்டனர். 2017க்குள் டீசலில் 20 விழுக்காடு உயிரி டீசல் கலப்பது என 2009ஆம் ஆண்டுக் கொள்கை இலக்கு வகுத்தது. தரிசு நிலத்தில் நீரின்றிக் காய்த்துக் குலுங்கும் என்ற எதிர்பார்ப்புப் பொய்த்தது, இலக்கும் எட்டப்படவில்லை. 2018ஆம் ஆண்டுக் கொள்கை, 2030க்குள் 5 விழுக்காடு எனச் சுருக்கிக்கொண்டு, பயன்படுத்திய சமையல் எண்ணெயையும் மூலப்பொருளாகக் கருதியது.

அதே 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியொன்றும் நடைமுறைக்கு வந்தது. எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைக் கடந்தால் அதனைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது. அவ்வாறு கழித்த எண்ணெயை வாங்கி உயிரி டீசல் ஆலைகளுக்கு அனுப்பும் ஏற்பாடும் தோன்றிற்று. எனினும் பொரிக்க நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவிடும் நிறுவனங்களே கணக்கு வைக்கக் கடமைப்பட்டவை. தள்ளுவண்டிக் கடை அவ்வரம்புக்குள் வாராது. பெரிய சமையற்கூடம் கழித்த எண்ணெய் மலிவு விலையில் சிறுகடைக்கு வந்து, கூலித் தொழிலாளியின் மாலைச் சிற்றுண்டியில் சேருமாயின், விதியால் பயன் யாது?

ஆகவே வேதியியலினும் விலையே இங்குப் பெரிய வினையூக்கி என்பது நம் கருத்து. டீசல் ஆலை தரும் விலை சிறுகடைக்காரர் தரும் விலையினும் மிகுந்தாலன்றி, கறுத்த எண்ணெய் அடுப்பை விட்டு அகலாது. சிறுகடையில் எஞ்சும் ஓரிரு லிட்டருக்காகச் சேகரிப்பு வண்டி தேடி வருதலும் அரிது. தெருவிலுள்ள கடைகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு பீப்பாய் வைத்து, வார இறுதியில் அளந்து பணம் கொடுத்தால் வண்டியும் வரும். கடைக்காரர்க்கும் புது எண்ணெய் வாங்கக் கையில் காசு நிற்கும்.